அந்த மிஸ் மூர் யார்?

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான நூலகம் எப்படி வந்தது என்று யார் எழுதினாலும் ஆன் கேரல் மூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1906 முதல் 1941 வரை நியூயார்க் பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்த அம்மாள் தங்கள் மூதாதை என்று எங்கள் சம்பந்தி வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. சம்பந்தியம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மூர். அந்தக் குடும்பம் இருந்தது நியூயார்க்கில். ஆன் கேரல் மூர் எழுதிய கதைப் புத்தகம் ஒன்றின் பழைய பிரதியும் அவர்களிடம் இருக்கிறது; முதல் தாளில் பென்சிலால் "மிஸ் மூர்" என்று எழுதியிருக்கும். பூர்வீக ஊர் லிமெரிக் என்பதும் வழிவழியாக வந்த தகவல். ஆன் கேரல் மூர் பிறந்த ஊரின் பெயரும் லிமெரிக்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிறைய வேண்டும் என்று நினைப்பது என் தொழில் பழக்கம். பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் பேத்தியைக் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதில் இந்தப் பெயரைப் போடலாமா கூடாதா என்று ஒரு சர்ச்சை. "நீங்கள்தான் பழைய பத்திரம் எல்லாம் படித்தவராயிற்றே, இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார் சம்பந்தியம்மா. "அப்பாவிடம் கொடுத்தால் அவ்வளவுதான், பேத்தி கல்லூரிக்கே போய்விடுவாள்" என்றாள் மகள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேத்தி அந்த இடத்தை வெற்றுக் கட்டமாக விட்டுத்தான் படத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் விடவில்லை.

முதலில் அந்த அம்மாள் யார் என்று தெரிந்துகொண்டேன். 1871 ஜூலை 12 அன்று மெய்ன் மாநிலத்தில் லிமெரிக் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா வக்கீல். மகளும் அப்பாவிடமே சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கிறார். 1892இல் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோக, வாழ்க்கை திசை மாறியது. புரூக்ளினில் பிராட் இன்ஸ்டிடியூட்டில் நூலகப் படிப்பு. அங்கேயே குழந்தைகள் அறையில் பத்து வருட வேலை. அப்புறம் நியூயார்க் பொது நூலகம். குழந்தைகள் வந்தால் புத்தகம் கிழியும், சத்தம் வரும் என்று பல நூலகங்கள் அவர்களை வாசலிலேயே நிறுத்திய காலம் அது. இவர் குழந்தை உயரத்துக்கு அலமாரி போட்டார், கதை சொல்லும் நேரம் வைத்தார், தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த குழந்தை புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார். 42ஆம் தெருவில் இருக்கும் பெரிய கட்டடத்தில் 1911இல் திறந்த குழந்தைகள் அறை இவர் திட்டமிட்டது. 1961 ஜனவரி 20 அன்று இறந்தார்.

இவ்வளவும் எளிதாகக் கிடைக்கும். எனக்கு வேண்டிய தகவல் வேறு: அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை இல்லை.

சம்பந்தியம்மா வீட்டுப் பேச்சில் இவர் "கொள்ளுப்பாட்டி". ஆக, அந்தப் பேச்சு அந்த வடிவத்தில் இந்த முதல் தகவலிலேயே விழுந்துவிட்டது. ஆனால் அதோடு கதை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கு வந்த பெண்களில் பலர் கடைசி வரை மணமாகாமலேயே இருந்தார்கள். கல்யாணம் என்றால் வேலையை விட வேண்டும் என்பது பல இடங்களில் எழுதிய விதியாகவோ எழுதாத வழக்கமாகவோ இருந்தது. கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் இவருக்கு முன்பே குழந்தைகளுக்கு நூலகத்தைத் திறந்துவிட்ட கேரலைன் ஹெவின்ஸும் மணமாகாதவர்தான். இப்படிப்பட்டவர்களுக்கு நேர் வாரிசு தேடுவது வீண் வேலை. சொந்தம் இருந்தால் கூடப் பிறந்தவர்கள் வழியாகத்தான் இருக்கும். ஆன் கேரல் மூருக்கு அண்ணன்மார் இருந்தார்கள். "கொள்ளுப்பாட்டி" என்று வீட்டில் சொன்னது உண்மையில் கொள்ளுத்தாத்தாவின் தங்கையாக இருக்கலாமே? சம்பந்தியம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அண்ணன் வழி" என்றார், சந்தேகமே இல்லாமல்.

இணையத்தில் ஒரு வம்சாவளித் தளத்தில் யாரோ ஏற்கெனவே அந்த இணைப்பைப் போட்டும் வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மாவின் தாத்தாவை மெய்ன் மூர் குடும்பத்தின் கீழே ஒரு கோடு போட்டு ஒட்டியிருந்தது. கோட்டுக்கு ஆதாரம் என்ன என்று பார்த்தால் இன்னொருவர் போட்ட மரம். அந்த மரத்துக்கு ஆதாரம் மூன்றாமவர் மரம். மூன்றாமவர் எதுவும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நம்முடைய பத்திர ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டுமானால், இன்று யார் கையில் இருக்கிறதோ அவருடைய பத்திரத்தில் ஆரம்பித்து, அவருக்கு விற்றவர், அவருக்கு முன்னால் இருந்தவர் என்று தாய்ப் பத்திரம் வரை ஒவ்வொரு படியாக மேலே போவோம். ஜமீன்தாரில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்து "இது இவருடையதாகத்தான் இருக்கும்" என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வம்சாவளியும் அப்படியே. பிரபலத்தின் அண்ணன் பிள்ளைகளை எல்லாம் பட்டியல் போட்டு, அதில் நம்ம தாத்தா பெயரில் ஒருவர் இருக்கிறாரா என்று தேடினால் நிச்சயம் இருப்பார். மூர் என்ற பெயருக்கு ஆள் கிடைக்காமல் போகுமா? நம்மிடம் இருப்பதில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம், அதில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உறவு எழுதியிருக்க வேண்டும். எந்தப் படியில் காகிதம் இல்லையோ அங்கே நின்றுவிட வேண்டும்.

பெயர் எவ்வளவு மோசமாக ஏமாற்றும் என்பதற்கு இதே பெயரில் ஒரு பிரபல உதாரணம் இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்த நாளில் முதல் ஆளாக இறங்கியவர் அயர்லாந்தில் இருந்து வந்த அன்னி மூர் என்ற பெண். இவர் டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்தார் என்று பல வருடங்கள் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் பதிவுகளைத் துருவிப் பார்த்தபோது, டெக்சாஸ் அன்னி மூர் பிறந்ததே இல்லினாய்ஸில் என்று தெரிந்தது. உண்மையான அன்னி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. அங்கேயே மணமாகி, அங்கேயே 1924இல் இறந்திருக்கிறார். 2006இல்தான் இது வெளியே வந்தது. விழா எடுத்தவர்கள் அந்தப் பெண் எங்கே பிறந்தாள் என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

நம்ம நூலகர் அம்மாளும் பிறப்பில் அன்னிதான். அதே துறையில் அன்னி மூர் என்று இன்னொருவரும் எழுதிக்கொண்டிருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று ஐம்பது வயதுக்கு மேல் "ஆன்" என்று மாற்றிக்கொண்டார். இது தெரியாமல் பழைய பதிவுகளில் "ஆன்" என்று தேடினால் ஆளே கிடைக்காது. பிறந்த பெயர், பின்னால் வைத்துக்கொண்ட பெயர், வெறும் முதலெழுத்து, குடும்பப்பெயரைக் கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் என்று எல்லா வகையிலும் தேடிப் பார்க்க வேண்டும். புரேட்டோ ரிக்கோவில் இருந்து வந்து 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்த பூரா பெல்ப்ரே இன்னொரு பெரிய பெயர். அவர் பெயரில் குழந்தை இலக்கிய விருதே இருக்கிறது. அவருடைய பிறந்த வருடத்தை ஒரு இடத்தில் 1899 என்றும் இன்னொரு இடத்தில் 1903 என்றும் போடுகிறார்கள். பிரபலங்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்.

சரி, படிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சென்சஸ் தாள்கள் 72 வருடம் கழித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1950ஆம் வருடத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வந்தன. அடுத்தது 2032இல்தான். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கிக்கொண்டால் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு வருடத் தாளிலும் கேள்விகள் வேறு வேறு என்பதால் எந்த வருடத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்து போவது நல்லது. வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதத் தொடங்கியது 1880இல். அதற்கு முந்தைய தாள்களில் ஒரே வீட்டில் இருப்பவர்களை அப்பா பிள்ளை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. 1890ஆம் வருடத் தாள்கள் அநேகமாக முழுவதுமே போய்விட்டன. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்து காரணம். 1900ஆம் வருடத் தாள்தான் எனக்குப் பிடித்தது: பிறந்த மாதம், வருடம், எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். 1940 தாளில் ஒரு நல்ல விஷயம், வீட்டில் யார் பதில் சொன்னார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். வயதைப் பற்றி மனைவி சொன்னதா, மாமியார் சொன்னதா என்பது தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

வயது ஒன்று இரண்டு கூடிக் குறைந்திருந்தால் பதற வேண்டாம். கணக்கெடுத்த தேதியைப் பாருங்கள். 1880இல் ஜூன் 1 தேதிப்படி எழுதினார்கள். 1871 ஜூலையில் பிறந்த ஆன் கேரல் மூருக்கு அன்று ஒன்பது முடியவில்லை, எட்டுதான்.

சம்பந்தியம்மாவின் அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழே வீட்டில் இருந்தது. அவர் சின்னப் பையனாகத் தன் பெற்றோரோடு இருப்பது 1930 தாளில் கிடைத்தது. தாத்தா சின்னப் பையனாக இருப்பது 1900 தாளில். அங்கேதான் முதல் அடி விழுந்தது. கொள்ளுத்தாத்தா பிறந்த இடம் என்ற கட்டத்தில் அயர்லாந்து என்று தெளிவாக எழுதியிருந்தது. மெய்ன் அல்ல.

சம்பந்தியம்மா அசரவில்லை. எழுதியவர் தப்பாக எழுதியிருக்கலாம் என்றார். நடக்கக்கூடியதுதான். வீடு வீடாகப் போய் எழுதியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு காகிதத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் நியூயார்க் மாநிலம் தனியாக எடுத்த 1925 சென்சஸைப் பார்த்தேன். இப்படி மாநிலமே எடுத்த கணக்கு ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதில் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை வாங்கியவர் எந்த வருடம், எந்த நீதிமன்றத்தில் வாங்கினார் என்றுகூட ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. நீதிமன்றம் தெரிந்த பிறகு குடியுரிமை மனுவைத் தேடுவது சிரமமில்லை.

குடியுரிமை மனு விஷயத்தில் 1906 செப்டம்பர் ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன்பு எந்த நீதிமன்றம் வேண்டுமானாலும் தன் இஷ்டப்படி எழுதிக்கொண்டது. பல மனுக்களில் நாட்டின் பெயருக்கு மேல் எதுவும் இருக்காது. அதற்குப் பிறகு நாடு முழுக்க ஒரே படிவம்: பிறந்த ஊர், தேதி, வந்த கப்பல், மனைவி, பிள்ளைகளின் பெயர், அவர்கள் பிறந்த இடமும் தேதியும். எங்கள் அதிர்ஷ்டம், கொள்ளுத்தாத்தா சாவகாசமாக 1906க்குப் பிறகுதான் மனுப் போட்டிருந்தார். பிறந்த ஊர்: அயர்லாந்து, லிமெரிக்.

மெய்னில் இருக்கும் லிமெரிக்குக்கு அயர்லாந்து லிமெரிக்கை ஒட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐரோப்பிய ஊர்ப் பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது. "ஊர் லிமெரிக்" என்று தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதற்குப் பின்னால் மாநிலத்தையோ நாட்டையோ யாரும் கேட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு யாரோ ஒருவர் ஆன் கேரல் மூர் பற்றி எங்கேயோ படித்து, பிறந்த ஊர் லிமெரிக் என்று பார்த்ததும் இரண்டையும் சேர்த்துவிட்டார்.

அயர்லாந்துப் பக்கம் ஒரு படி ஏறிப் பார்த்தேன். அங்கே எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864இல். கொள்ளுத்தாத்தா அதற்குப் பிறகு பிறந்தவர் என்பதால் அரசாங்கத்தின் இலவசத் தளத்திலேயே அவர் பதிவின் படம் கிடைத்தது, அப்பா அம்மா பெயரோடு. 1871இல் மெய்னில் ஒரு வக்கீல் வீட்டில் அன்னி பிறந்தபோது, இந்த மூர் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. இருநூறு முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஏதாவது தொடர்பு இருந்திருக்காதா என்று கேட்டால் இருந்திருக்கலாம், காகிதம் இல்லை.

"டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடாதா?" என்று மாப்பிள்ளை கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி. அந்த அம்மாளுக்குப் பிள்ளை இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய அண்ணன் வழியில் வந்தவர் என்று ஏற்கெனவே காகிதத்தில் நிரூபணமான ஒருவர் வேண்டும். அவர் சம்மதிக்கவும் வேண்டும். நான்கைந்து தலைமுறை தள்ளிப்போன சொந்தம் என்றால் உண்மையான உறவிலேயே பொருத்தம் எதுவும் காட்டாமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆகவே காகிதம் முடிந்த பிறகுதான் அது.

இப்போது அந்தப் புத்தகம். 1924இல் வெளிவந்த "நிக்கோலஸ்" என்ற கிறிஸ்துமஸ் கதை. அடுத்த வருடம், அமெரிக்கக் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி பரிசுக்கு அடுத்த நிலை மரியாதை பெற்றது. முதல் தாளில் இருக்கும் "மிஸ் மூர்" என்பதை ஆசிரியரே போட்ட கையெழுத்து என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியும் கையுமாக நான் அதை ரொம்ப நேரம் வைத்திருந்தேன். சாய்வில்லாத, குண்டு குண்டான, அவசரமில்லாத எழுத்து. கீழே "கிறிஸ்துமஸ், 1925". வேறு ஒன்றுமில்லை. யாராவது தன் கையெழுத்துக்கு முன்னால் தானே "மிஸ்" போட்டுக்கொள்வார்களா? பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் "திரு" போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. இது யாரோ ஒருவர் ஒரு மிஸ் மூருக்குக் கொடுத்த புத்தகம். வாங்கிக்கொண்டவர்தான் மிஸ் மூர். குடும்பத்துக்குள் கொடுத்திருந்தால் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள், "மிஸ்" வந்திருக்காது. வெளியாள், அநேகமாக வேலை இடத்தில் பழகியவர், கொடுத்தது.

அப்படியானால் இந்த வீட்டில் ஒரு மிஸ் மூர் இருந்திருக்க வேண்டும். மறுபடியும் 1900 தாளுக்குப் போனேன். தாத்தாவுக்கு ஒரு தங்கை, கைக்குழந்தை. பெயர் ஆங்கில 'ஏ' (A) எழுத்தில்தான் தொடங்குகிறது. குடியுரிமை மனுவிலும் பிள்ளைகள் வரிசையில் அதே பெயர். 1920 தாளில் பெற்றோர் வீட்டில் மணமாகாத மகள். தொழில் என்ற கட்டத்தில் உதவியாளர், அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பொது நூலகம். 1925 மாநிலக் கணக்கிலும் 1930 தாளிலும் நூலகர். நான் நாற்காலியை விட்டு எழுந்து மகளைக் கூப்பிட்டேன். "என்னப்பா, கிடைத்துவிட்டதா?" என்றாள். "கிடைத்துவிட்டது, ஆனால் வேற ஆள்" என்றேன்.

அண்ணன் பேரப்பிள்ளைகள் வரை யாருக்கும் இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி தெரியாது. நூலகத்தில் வேலை பார்த்த மிஸ் மூர் ஒருவர் குடும்பத்தில் இருந்தார் என்ற நினைவு மட்டும் தங்கியிருக்கிறது. பெயரும் ஊரும் பொருந்தியதும் அந்த நினைவு பிரபலத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. குடும்பப் பேச்சுகள் பெரும்பாலும் முழுப் பொய்யாக இருப்பதில்லை. எந்த அம்சம் நிஜம் என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு தேறும். இங்கே நூலகம், மிஸ் மூர், லிமெரிக் மூன்றுமே நிஜம், ஆள்தான் மாறிவிட்டது.

அவர் குழந்தைகள் பிரிவில் இருந்தாரா? இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் கிளை நூலகங்களின் குழந்தைகள் பிரிவு அத்தனையும் ஆன் கேரல் மூரின் மேற்பார்வையில்தான் நடந்தன. இருந்திருந்தால் ரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் என்று சொல்லலாம். சென்சஸ் தாள் அந்த அளவுக்குப் பேசாது. இந்த இடத்தில்தான் நூலகர்களைத் தேடுவதில் ஒரு வசதி: அவர்கள் தங்களைப் பற்றிய காகிதங்களைத் தாங்களே அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். நூலக ஆண்டறிக்கைகளும் மாத இதழ்களும் ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகங்களில் முழுப் பக்கங்களாகக் கிடைக்கின்றன. நூலகப் பள்ளிகள் மாணவர் பதிவேடு போட்டன. ஆல்பனியில் இருந்த நியூயார்க் மாநில நூலகப் பள்ளியின் பதிவேடு 1887 முதல் 1926 வரை ஒரே புத்தகமாக இருக்கிறது. நியூயார்க் பொது நூலகமே 1911 முதல் 1926 வரை சொந்தமாக ஒரு பள்ளி நடத்தியது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஆவணங்கள் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆன் கேரல் மூரின் சொந்தக் காகிதங்கள் நியூயார்க் பொது நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில். அதே 42ஆம் தெருக் கட்டடத்தில் மில்ஸ்டீன் பிரிவு என்று வம்சாவளிக்கென்றே ஒரு அறையும் உண்டு. காசு கட்டிப் பார்க்க வேண்டிய தளங்கள் சிலவற்றை அங்கே உட்கார்ந்து சும்மாவே பார்க்கலாம்.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "என் உறவினரைப் பற்றிய எல்லாத் தகவலும் அனுப்பவும்" என்று எழுதினால் மரியாதையான ஒரு மறுப்பு வரும். முதலில் அவர்கள் போட்டிருக்கும் பெட்டிப் பட்டியலைப் படித்துவிட வேண்டும். எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று குறிப்பிட்டு, "இந்தப் பெயர் இந்தக் கோப்பில் இருக்கிறதா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஏற்கெனவே எதையெல்லாம் பார்த்துவிட்டோம் என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் அவர்கள் அதையே திரும்பத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். இப்படி எழுதியதற்குப் பதிலாக எனக்கு ஒரு பக்கத்தின் படம் வந்தது. கிளை ஊழியர் வரிசையில், குழந்தைகள் அறை என்ற தலைப்பின் கீழ், நம்ம மிஸ் மூர்.

ஒருவேளை உங்கள் வீட்டு விஷயத்தில் ரத்த உறவு உண்மையாகவே இருக்குமானால், நான் தேடாமல் விட்ட ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மணமாகாமல் சொத்தோடு இறந்தவர்களுக்கு உயில் நீதிமன்றக் கோப்பைவிட நல்ல ஆவணம் வேறு கிடையாது. நியூயார்க்கில் உயிலை நிரூபிக்க மனுப் போடும்போது, உயில் இல்லாதிருந்தால் யாருக்கெல்லாம் பங்கு போயிருக்குமோ அவர்கள் அத்தனை பேரையும் உறவு முறையோடு எழுதியாக வேண்டும். அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். மன்ஹாட்டனில் இறந்தவர்களுக்கு அங்கேயே சரோகேட் நீதிமன்றம் என்ற உயில் நீதிமன்றம். மெய்னில் லிமெரிக் பக்கத்துக் குடும்பங்கள் என்றால் யார்க் மாவட்டத் தலைமையிடமான ஆல்ஃபிரெட் என்ற ஊர். மெய்னில் 1892க்கு முந்தைய பிறப்பு இறப்பு மாநில அளவில் பதியப்படவில்லை, ஊர்ப் பதிவேடுகளில்தான் இருக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்ள, மூருக்கு அடுத்து அதே பதவிக்கு வந்த ஃபிரான்சஸ் கிளார்க் சேயர்ஸ் 1972இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது.

தேடும் நூலகர் வேறு நாட்டுக்காரர் என்றால் கணக்கும் மாறும். டொரான்டோவில் குழந்தைகள் நூலகத்தை வளர்த்த லில்லியன் ஸ்மித் போன்றவர்களுக்குக் கனடாவின் 1931 சென்சஸ் 2023இல் திறந்துவிட்டது. இங்கிலாந்தில் குழந்தைகள் நூலகர் ஐலீன் கோல்வெல் காலத்து ஆட்களுக்கு, போர் தொடங்கியதும் எடுத்த 1939 பதிவேட்டில் பிறந்த தேதியும் தொழிலும் இருக்கும்.

சம்பந்தியம்மாவிடம் எல்லாக் காகிதத்தையும் வரிசையாக மேசையில் அடுக்கிக் காட்டினேன். முகம் கொஞ்சம் சுண்டிப்போனது உண்மை. பெரிய பெயர் கைவிட்டுப் போனால் யாருக்கும் வருத்தம்தான். அந்த ஊழியர் வரிசைப் பக்கத்தை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். பிறகு, "இந்தப் பெண்ணுக்கு யார் அந்தப் புத்தகம் கொடுத்தது என்று பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அதே கிளையில் அந்த வருடம் இருந்தவர்களின் கையெழுத்து எங்காவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பேத்தியின் படத்தில் வெற்றுக் கட்டம் இப்போது நிரம்பிவிட்டது. இணையத்தில் அந்த மெய்ன் கோட்டைப் போட்டவருக்குக் காகிதங்களின் படங்களோடு எழுதினேன். பதில் வரவில்லை, கோடும் போகவில்லை. போன வாரம் பார்த்தபோது வேறு ஒருவர் அதை அப்படியே தன் மரத்துக்கு எடுத்துப் போயிருந்தார், அவருக்கும் எழுதியிருக்கிறேன்.